ஆயிரம் ஏக்கருக்கு ஒரு ஜாகா

தோட்டத்துக் காட்சி ஒன்றோடு தொடங்குவோம்.

ஆயிரம் ஏக்கர் ரப்பர் தோட்டம். காவலுக்கு ஒரே ஒரு ஜாகா. கையில் ஒரு டார்ச்சு லைட்டு, காலுக்கு ஒரு பழைய சைக்கிள். தோட்டத்தில் ஒட்டுப்பால் திருடு போகிறது. ஆபீசில் கூப்பிட்டு நிறுத்திக் கேட்கிறார்கள்: "இந்த மாதம் எத்தனை பேரைப் பிடித்தாய்? கணக்குக் காட்டு!"

ஜாகா என்ன செய்வார், பாவம்? நடுச்சாமத்தில் லாரி கொண்டுவந்து மூட்டை மூட்டையாக ஏற்றுகிறவனைப் பிடிக்க நாலு ஆள் வேண்டும். வண்டி வேண்டும். லாரி யாருடையது, மூட்டையை எந்தக் கடைக்காரர் வாங்குகிறார் என்று பட்டணத்துக்கு அலைந்து விசாரிக்க வேண்டும். ஆனால் பட்டப்பகலில் விறகு பொறுக்க வந்த கிழவியின் கூடையில் நாலு துண்டு ஒட்டுப்பால் கிடந்தால், அவளைப் பிடிப்பது சுலபம். கணக்கில் ஒரு பெயர் ஏறிவிடும். லாரி மறுநாள் இரவும் வரும்.

இந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வாசகர்களே! இப்போது நாம் பேசப்போவது குடும்பத்தில் வாய் திறந்து பேசத் தயங்கும் ஒரு விஷயம். விபசாரத் தடுப்புச் சட்டமும், அதை நடத்திக் காட்ட வேண்டிய போலீசாரின் கைக்கட்டும் பற்றியது. தயக்கத்தை ஒதுக்கிவைத்துத்தான் ஆக வேண்டும். ஏனென்றால், வேலை தேடிச் சிங்கப்பூருக்குப் பாலம் தாண்டிப் போகிற நம் தோட்டத்துப் பெண்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

பொங்கோலிலிருந்து தேக்கா வரை

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது பொங்கோல். ஒரு காலத்தில் மீன்பிடிக் குப்பமும் பன்றிப் பண்ணையுமாக இருந்த இடம். 1996-இல் அங்கே புதுநகர் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இன்று பார்த்த பக்கமெல்லாம் அடுக்குமாடி வீடுகள். பிள்ளைகுட்டிக்காரர்கள் நிறைந்த ஊர். அங்கே ரயில் ஏறினால் பத்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. இரண்டையும் இணைக்கும் வடகிழக்கு ரயில் பாதை 2003-இல் திறக்கப்பட்டது.

லிட்டில் இந்தியாவில் இறங்கிச் சிராங்கூன் ரோட்டில் நடந்தால், வீரமாகாளியம்மன் கோயில் மணி காதில் விழும். மல்லிகைப்பூ வாசனை மூக்கில் ஏறும். நம் ஊர்ச் சனங்கள் நகை வாங்கவும் சேலை எடுக்கவும் போகிற இடம்தான். ஆனால் அதே வட்டாரத்தில் டெஸ்கர் ரோடு, ரோவெல் ரோடு என்னும் தெருக்களும் இருக்கின்றன. அவற்றின் பின்சந்துகளில் நெடுங்காலமாக விபசார விடுதிகள் நடந்துவந்ததை அந்த ஊரில் அறியாதவர் இல்லை. கேலாங் வட்டாரமும் இதே காரணத்தால் பெயர் பெற்றது.

"சட்டம் கடுமையான ஊராயிற்றே! அங்கேயா இப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட வேண்டுமானால் நூற்றைம்பது வருஷம் பின்னோக்கிப் போக வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு

சிங்கப்பூருக்கு அந்நாளில் கூலி வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 1884-இல் அங்கே சீன ஆண்கள் அறுபதாயிரம் பேர். சீனப் பெண்கள் 6,600 பேர்தான். அந்தப் பெண்களில் குறைந்தது இரண்டாயிரம் பேர் விபசாரத்தில் தள்ளப்பட்டவர்கள் என்று கணிக்கப்பட்டது. பசிக்காக விற்கப்பட்ட ஏழைப் பிள்ளைகள் பலர். ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்ட பெண்கள் மலாய்த் தெரு வட்டாரத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

அரசாங்கம் என்ன செய்தது? 1870-இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து விடுதிகளைப் பதிவு செய்தது. பெண்களுக்குக் கட்டாய வைத்தியப் பரிசோதனை நடத்தியது. அந்தச் சட்டம் 1888-இல் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1877-இல் சீனர் பாதுகாப்பு இலாகா தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் வில்லியம் பிக்கரிங், சீன மொழிகள் பேசத் தெரிந்த வெள்ளைக்காரர். விருப்பமில்லாமல் கொண்டுவரப்பட்ட பெண்களைக் காப்பாற்றுவதும் அந்த இலாகாவின் பொறுப்பில் வந்தது. கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கிய துறைமுகம் அது. இலாகாவிலோ விரல் விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகள்!

பிறகு 1920-களின் கடைசியில் விடுதிகளைப் படிப்படியாக மூடும் ஏற்பாடு தொடங்கியது. 1930-இல் விடுதி நடத்துவதே சட்டவிரோதம் ஆயிற்று. நல்ல சட்டம்தான். வந்த வேளையைப் பாருங்கள்! உலகப் பொருளாதார மந்தம் பிடித்த வருஷம் அது. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போயிற்று. நம் பாட்டன் பூட்டன்மார் ஆயிரக்கணக்கில் வேலை இழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்ட காலம். அரசாங்கத்தின் வருமானமும் சுருங்கியது. சட்டப் புத்தகத்தில் தடை ஏறிற்று. அதை நடத்திக் காட்டும் கைகள் கூடவில்லை. பதிவில் இருந்த விடுதிகள் மூடின. கள்ள விடுதிகள் முளைத்தன.

அன்று தெரிந்த பாடம் இதுதான்: சட்டத்தைக் காகிதத்தில் எழுத ஒரு பேனா போதும். அதை நடத்த ஆள் வேண்டும், பணம் வேண்டும், பொறுமை வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சுதந்திரத்தை நெருங்கும் காலத்தில் சிங்கப்பூர்ப் பெண்கள் தங்கள் உரிமைக்காகப் போராடினார்கள். ஷிரின் ஃபோஸ்டார் போன்றவர்கள் 1952-இல் மாதர் மன்றம் அமைத்துக் குரல் கொடுத்தார்கள். அதன் பலனாக 1961-இல் மாதர் சாசனம் என்னும் சட்டம் பிறந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கியதும் இதுவே. பெண்களை விற்பது, விபசாரத்துக்கு ஆள் சேர்ப்பது, விடுதி நடத்துவது, அவர்கள் சம்பாத்தியத்தில் வயிறு வளர்ப்பது ஆகியவை இச்சட்டப்படி குற்றம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரு பெண் பணத்துக்காக உடலைக் கொடுப்பதை மட்டும் வைத்து அங்கே சட்டம் அவளைக் குற்றவாளியாக்குவதில்லை. பொது இடத்தில் நின்று ஆள் பிடித்தால்தான் அபராதம். திரும்பத் திரும்பச் செய்தால் சிறையும் உண்டு. எழுத்துப்படி பார்த்தால், சட்டத்தின் கடுமை எல்லாம் பெண்ணை வைத்துப் பிழைப்பவன் மேல்தான் இருக்கிறது.

விடுதி குற்றம் என்றால், குறிப்பிட்ட சில தெருக்களில் மட்டும் எப்படி நடந்துவந்தது? போலீசார் அதைக் கண்காணித்தபடியே விட்டுவைத்தார்கள். அடியோடு ஒழிக்கப் போனால் தலைமறைவாகிவிடும், குண்டர் கூட்டத்தின் கைக்குப் போய்விடும் என்பது அரசாங்கம் சொல்லிவந்த காரணம். 1976 முதல் அந்தப் பெண்களுக்கு வைத்தியக் கண்காணிப்புத் திட்டமும் இருந்துவந்தது. அதற்கான மருந்தகம் ஜாலான் புசாருக்குப் பக்கத்தில், கிளந்தான் லேனில் இயங்கிவந்தது.

இதைத் தர்மக் கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். ஆள் கணக்காகவும் பாருங்கள். நாலு தெருவுக்குள் அடங்கிக் கிடந்தால் சில அதிகாரிகளே பார்த்துக்கொள்ளலாம். நாடு முழுவதும் சிதறினால் எத்தனை பேர் வேண்டும்?

ஆணையர் சொன்ன கணக்கு

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 8. ஞாயிற்றுக்கிழமை இரவு. லிட்டில் இந்தியாவில் பேருந்தில் அடிபட்டு ஓர் இந்தியத் தொழிலாளி உயிர் இழந்தார். அதைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2014 மார்ச்சில் அந்தக் குழுவின் முன் சாட்சி சொன்னார் அப்போதைய போலீஸ் ஆணையர் இங் ஜூ ஹீ. அவர் வைத்த கணக்கு கேட்டவர்களைத் திகைக்கவைத்தது.

1994-இல் நாட்டின் ஜனத்தொகை 34 லட்சம். 2013-இல் 54 லட்சம். ஜனங்கள் 58 சதவீதம் பெருகினார்கள். போலீஸ் அதிகாரிகளின் எண்ணிக்கையோ 16 சதவீதம்தான் கூடிற்று. முன்பு ஒரு லட்சம் பேருக்கு 222 அதிகாரிகள் இருந்தார்கள். இப்போது 163 பேர்! ஹாங்காங்கிலும் லண்டனிலும் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். லிட்டில் இந்தியாவைவிடக் கேலாங்தான் தமக்குக் கூடுதல் கவலை என்றும் அவர் சொன்னார். இன்னும் ஆயிரம் அதிகாரிகள் வேண்டும் என்று கேட்டார்.

சிங்கப்பூர் பணக்கார நாடு. அங்கேயே இந்த நிலை! பெட்டியில் பணம் இருந்தால் மட்டும் போதாது. பிள்ளைப்பேறு குறைந்த நாட்டில் சீருடை போட இளைஞர்கள் கிடைக்க வேண்டும். ஏழை நாடுகளின் நிலையைக் கேட்கவே வேண்டாம்.

மலிவான கைது, விலை கூடிய கைது

ஆள் குறைந்தால் என்ன ஆகும்? வேலை நின்றுபோகாது, எதை முதலில் செய்வது என்பதுதான் மாறும். இங்கேதான் நம் ஜாகா கதை திரும்பி வருகிறது.

தெருவோரம் நிற்கிற நாலு பெண்களைப் பிடிக்க ஒரு வேனும் சில அதிகாரிகளும் போதும். ஒரு ராத்திரி வேலை. வெளிநாட்டுப் பெண்ணாக இருந்தால் ஊருக்கு அனுப்பிவிடலாம். மறுபடி நுழையத் தடை போடலாம். கோப்பு மூடிவிடும்.

அந்தப் பெண்ணைக் கொண்டுவந்த தரகனைப் பிடிப்பது அப்படியா? வாரக்கணக்கில் மாறுவேடத்தில் நோட்டம் பார்க்க வேண்டும். வீடு யார் பெயரில், வாடகை யார் கட்டுகிறார், பணம் எங்கே போகிறது என்று துருவ வேண்டும். பெண்ணின் மொழி தெரிந்தவர் வேண்டும். அவள் பயம் தெளியும்வரை தங்கவைக்க ஓர் இடம் வேண்டும். வழக்கு முடியும்வரை அவளுக்குச் சாப்பாடும் பாதுகாப்பும் வேண்டும். இத்தனைக்குப் பிறகும் வழக்கு நிற்குமா என்பது உறுதியில்லை.

ஓர் உண்மை வழக்கைப் பாருங்கள். வங்காளதேசத்துப் பெண்கள் மூவரை நடனமாடும் வேலைக்கு என்று சிங்கப்பூருக்கு வரவழைத்தார்கள் ஓர் இந்தியத் தம்பதி. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பேசிய சம்பளம் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. ஒருத்தியை விபசாரத்துக்கும் கட்டாயப்படுத்தினார்கள். 2016 வாக்கில் நடந்த கொடுமை இது. தம்பதிக்குத் தலா ஐந்தரை ஆண்டு சிறை என்று தீர்ப்பு வந்ததோ 2020 பிப்ரவரியில்! மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டம் 2015 மார்ச்சில் அமலுக்கு வந்தது. தொழிலாளரைச் சுரண்டிய குற்றத்துக்காக அந்தச் சட்டத்தின்கீழ் நிரூபணமான முதல் வழக்கே இதுதான். ஒரு லாரியைப் பிடிக்க எத்தனை வருஷம் பாருங்கள்!

இந்த வழக்கில் தம்பதி பிடிபட்டதற்குக் காரணம் என்ன? பெண்களின் சாட்சி. அவர்களைக் குற்றவாளிகள் என்று எண்ணி மறுவாரமே விமானம் ஏற்றியிருந்தால் சாட்சியும் சேர்ந்து பறந்திருக்கும்.

அடுக்குமாடிக்குள் வந்த வலை

கலவரத்துக்குப் பிறகு லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் காவல் கூடிற்று. விளக்குகளும் கேமராக்களும் வந்தன. 2015 ஏப்ரல் முதல் இரு வட்டாரங்களிலும் மது விற்பனைக்கும் குடிப்பதற்கும் கூடுதல் கட்டுப்பாடு வந்தது. தெரு அடங்கிற்று. தொழில் ஒழிந்ததா? இணையத்தில் விளம்பரம், கைப்பேசியில் பேரம், குடியிருப்பில் வாடகை அறை என்று அது இடம் மாறிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு ஏறி இறங்குகிற மின்தூக்கியிலேயே இதுவும் ஏறி இறங்கத் தொடங்கிவிட்டது. பொங்கோல் போன்ற குடும்ப நகர்களில் வாழும் தாய்மாருக்கு இது கவலை தரும் செய்தி.

2012-இலிருந்து நாலே வருஷத்தில் சுமார் பத்தாயிரம் கழக வீட்டுக் கட்டடங்களிலும் வாகன நிறுத்துமிடங்களிலும் போலீஸ் கேமராக்கள் பொருத்தப்பட்டன. கேமராவுக்குச் சம்பளம் இல்லை, தூக்கமும் இல்லை. ஆனால் அது மின்தூக்கி வாசலைத்தான் பார்க்கும். சாத்திய கதவுக்குள் நடப்பதை யார் பார்ப்பது?

அதற்காக அரசாங்கம் சட்டத்தையே வேறு விதமாக வளைத்தது. 2016-இலும் 2019-இலும் மாதர் சாசனம் திருத்தப்பட்டது. இணையம் வழியாக இந்த வியாபாரம் நடத்துவோர் மீதும் வழக்கு வந்தது. விடுதி நடத்துவோருக்கும் தரகருக்கும் ஒரு லட்சம் வெள்ளிவரை அபராதமும் ஏழு ஆண்டுவரை சிறையும் விதிக்க வழி செய்யப்பட்டது. வீட்டை வாடகைக்கு விட்டவர், "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று கையை விரிக்க முடியாதபடி பொறுப்பு அவர் தலையில் ஏற்றப்பட்டது. வந்தவர் யார், அடையாள அட்டை எது என்று அவரே பார்த்து விசாரித்தாக வேண்டும். இதன் பொருள் என்ன? போலீசுக்கு ஆள் போதவில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு ஜாகா!

மற்ற நாடுகளும் வழி தேடிப் பார்த்தன. சுவீடன் 1999-இல் விலை கொடுத்து வாங்குகிற ஆணைக் குற்றவாளியாக்கியது. பெண்ணைத் தண்டிப்பதில்லை என்றது. நியூசிலாந்து 2003-இல் தொழிலையே சட்டத்துக்கு உட்படுத்திவிட்டது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2022 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்தப் பெண்களையும் போலீசார் மரியாதையோடு நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. எது சரி என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு நாடும் உண்மையில் தீர்மானிப்பது, இருக்கிற கொஞ்சம் போலீசாரின் நேரத்தை யார் பின்னால் செலவிடுவது என்பதைத்தான்.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரம் செம்பனையாக மாறி, நம் பிள்ளைகள் பட்டணம் தேடிப் போகிறார்கள். "சிங்கப்பூரில் வேலை, நல்ல சம்பளம், தங்க இடம் இலவசம்" என்று யாராவது வந்து சொன்னால் காது குளிர்கிறது. சொல்கிறவர் சில சமயம் தூரத்து உறவாகவும் இருப்பார். அவர் ஏமாற்றினால் அவரைத் தேடிப் பிடிக்கப் போலீசாருக்கு நேரம் கிடைப்பது எத்தனை அரிது என்று மேலே பார்த்தோம். ஆகவே முதல் காவல் வீட்டில்தான்.

வேலை அனுமதி இல்லாமல், "சும்மா சுற்றிப் பார்க்கிற மாதிரி உள்ளே வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எவர் சொன்னாலும் பெண்ணை அனுப்பாதீர்கள். மனிதவள அமைச்சின் அனுமதிக் கடிதத்தில் முதலாளி பெயரும் சம்பளமும் இருக்கும். அதைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பாஸ்போர்ட்டை எவர் கேட்டாலும் கொடுத்து வைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது அங்கே குற்றம். ஆபத்து என்றால் 999 என்ற எண்ணை நினைவில் வைக்கச் சொல்லுங்கள். மலேசியத் தூதரகமும் அங்கே இருக்கிறது.

இன்னொன்று, தாய்மார்களே! இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஏமாந்துபோன பெண் ஒருத்தி திரும்பி வந்தால் லயத்தில் என்ன பேசுகிறோம்? "கெட்டுப்போனவள்" என்கிறோம். அவள் வாயைத் திறக்காமல் மூலையில் உட்கார்ந்துவிடுகிறாள். அவளை அழைத்துப் போனவனோ அடுத்த தோட்டத்தில் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான்! அவளுக்கு மட்டும்தான் அவன் முகம் தெரியும், பெயர் தெரியும், வண்டி தெரியும். நம்முடைய ஏச்சுப் பேச்சுதான் அவனுக்குப் பாதுகாப்பு.

போலீஸ் இலாகாவுக்கும் இதையே சொல்லலாம். ஆளும் பணமும் குறைவு என்பது உண்மை. அதை எவரும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் பிடிபட்ட பெண்ணை உட்காரவைத்து, ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, "உன்னைக் கொண்டுவந்தது யாரம்மா?" என்று கேட்பதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டியதில்லை.

நம் ஜாகாவும் அப்படித்தான் செய்திருக்கலாம். கூடையோடு நின்ற கிழவியை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போவதற்கு முன்னால், "ஆத்தா, ராத்திரி இந்தப் பக்கம் லாரி வந்ததா? நம்பர் பார்த்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

லயத்துக் கடைசி வீடு அவளுடையது. லாரி போகிற சத்தம் தினமும் அவள் காதில்தான் விழுகிறது.